மேல்வீட்டக்காவின் விடியற்காலம்

எதைச் சொன்னாலும் அக்கா முதலில் கேட்பது “எப்ப?” என்றுதான். ஏன், எப்படி, யாரால் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். பால் திரிந்துவிட்டது என்று புலம்பினால், எப்ப காய்ச்சின என்பார். வீட்டுக்காரரோடு சண்டை என்று கண்ணைக் கசக்கினால், சாப்பிடுவதற்கு முந்தியா பிந்தியா என்று கேட்பார். முந்தி என்றால் அது பசி, சண்டைக் கணக்கில் சேராது என்பது அவர் தீர்ப்பு. பிந்தி என்றால் மட்டும் உட்காரச் சொல்லி முழுக் கதையையும் கேட்பார்.

எழுபதுகளின் கடைசியில் வேலூரிலிருந்து கல்யாணமாகி டெல்லிக்கு வந்தேன். என் கணவருக்கு மத்திய அரசில் எழுத்தர் வேலை. கிட்வாய் நகரில் எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸுக்கு நேர் மேல் வீட்டில் அக்கா இருந்தார். பாளையங்கோட்டைக்காரர். ஏதோ ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோ. கணவர் ராணுவத்தில் சுபேதாராக எங்கெங்கோ எல்லையில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். இரண்டு பெண் குழந்தைகள், லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். வீடு அக்காவின் வேலைக்காக அக்கா பெயரிலேயே ஒதுக்கப்பட்டது. வாசலில் தொங்கிய பலகையில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. பிளாக்கில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் மேல்வீட்டக்கா, மற்றவர்களுக்கு பஹன்ஜி. அதுவே போதும்.

நான் வந்த முதல் வாரமே என்னை “ஏட்டி” என்று கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களை டி போட்டுப் பேசினால் சண்டை வரும். முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்குப் பிடிக்காதவர்களைத்தான் அவர் “வாங்க, போங்க” என்று பேசுவார் என்று.

நல்ல உயரம். எலும்பும் நரம்புமான உடம்பு. தண்ணீர் மேலே ஏறாத நாட்களில் இரண்டு கையிலும் இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுவார், இடையில் நின்று மூச்சு வாங்க மாட்டார். ஆபீஸ் விட்டு வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிளாக்குகளுக்கு நடுவில் இருந்த புல்வெளியில் பெண்பிள்ளைகளோடு ரப்பர் வளையம் வீசி விளையாடுவார். அவரை யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. தோற்ற பிள்ளைகள் அழுதால்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். நாளைக்கு வா, நாளைக்கும் தோற்கடிக்கேன் என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எதிர் பிளாக் வரைக்கும் கேட்கும்.

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது பகலில் ஒரு நேரம் வீறிட்டு அழுவான். எதிர்வீட்டு மாமி கண்ணேறு என்றார். கீழே இருந்த பஞ்சாபி அம்மாள் வயிற்றுப் பொருமல் என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார். நான் இரண்டையும் செய்தேன். அக்கா ஒரு சனிக்கிழமை வந்து, எப்ப அழுதான் என்று கேட்டுவிட்டு, அந்த நேரம் வரும்வரை தூளிக்குப் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மேற்கு ஜன்னலுக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, தரையில் நகர்ந்து, தூளிமேல் ஏறிக் குழந்தையின் கண்ணில் விழுந்தது. அவன் அழ ஆரம்பித்தான். அக்கா எழுந்து பழைய காலண்டர் அட்டையைக் கண்ணாடியில் செருகினார். அவ்வளவுதான். ஓமத்தண்ணீரை நான் குடித்துத் தீர்த்தேன்.

ஆபீஸிலும் இதே கதைதான் என்று அவருடைய மூத்த மகள் சொல்லுவாள். அவருடைய செக்‌ஷன் ஆபீசர் கோபக்காரர். ஆனால் அந்தக் கோபம் எந்த நேரத்தில் ஏறும், எந்த நேரத்தில் இறங்கும் என்று அக்காவுக்குத் தெரியும். சிக்கலான ஃபைல்கள் எல்லாம் மத்தியான டீ முடிந்த பிறகுதான் அந்த மேஜைக்குப் போகும். மற்ற ஸ்டெனோக்கள் அக்காவிடம் வந்து, இப்போது உள்ளே போகலாமா என்று கேட்டுவிட்டுப் போவார்களாம்.

இப்படிப்பட்டவருக்கு ஆஸ்துமா என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

எனக்கு அது தெரிந்தது ஒரு சத்தத்தால். குழந்தைக்குப் பால் கொடுக்க விடியலுக்கு முன்னால் எழுந்திருக்கும்போதெல்லாம் மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கும். சில நாள் இருக்காது, சில வாரம் தினமும் இருக்கும். ஒருநாள் அதோடு ஒரு பாத்திரம் விழுந்து உருளும் சத்தமும் வந்தது. மேலே ஓடினேன். இரும்பு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி, அக்கா குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் காதுவரை ஏறி இறங்கியது. நெற்றி முழுக்க வேர்வை. என்னைப் பார்த்ததும் ஒரு கையை மட்டும் உயர்த்தினார். பேசாதே என்று அர்த்தம். மூத்த மகள் கடுங்காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். பயப்படவில்லை, பழகிவிட்டிருந்தாள். எனக்கோ, தண்ணீருக்கு அடியில் ஒருவரைப் பிடித்து அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப்போல இருந்தது.

வெளியே பால் பூத்துக்கு டப்பாக்களோடு ஆட்கள் நடக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியபோது மூச்சு மெல்ல இளகியது. வெயில் வந்ததும் எழுந்து முகம் கழுவினார். குளித்து, பொட்டு வைத்து, வெளுத்த முகத்தோடு பஸ்ஸுக்கு ஓடினார். அன்று சாயங்காலம் புல்வெளியில் வளையம் வீசிக்கொண்டிருந்தார்.

அரசாங்க டிஸ்பென்சரியில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது நடுப்பகல் நெருங்கிவிடும். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்ப்பார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்பார். ஏதோ இரண்டு மாத்திரை, காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர், கணவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். எல்லையில் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு, நன்றாகத் தூங்குங்கள், மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று நரம்புக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அக்கா மருந்துச் சீட்டை மடித்துப் பையில் போட்டார். பிறகு சொன்னார்:

“அவரு லீவுல வந்து பக்கத்துல படுத்துக் குறட்டை விடும்போதும் வந்துச்சுட்டி. அதைப் போயி டாக்டர்ட்ட நான் எப்படிச் சொல்ல?”

அக்கா சோதித்துப் பார்க்காதது எதுவும் இல்லை. இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புடவையை மடித்து வைத்துப் படுத்தார். ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். தயிரை விட்டார். ஆனால் அவரை யோசிக்கவைத்தது ஊருக்குப் போன ரயில் பயணம்தான் என்று சொல்லுவார். இரண்டு ராத்திரி ரயிலில். முதல் நாள் விடியலுக்கு முன் ஏதோ மலைப் பக்கம் வண்டி போகும்போது மூச்சு இழுத்தது. மறுநாள் அதே நேரத்தில், வெக்கையான ஆந்திராவில் இழுத்தது. பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுத் தரையில் படுத்தபோதும் அதே நேரத்தில்தான். ஊர் மாறியது, காற்று மாறியது, படுக்கை மாறியது. நேரம் மட்டும் மாறவில்லை. அப்படியானால் நோய் வெளியிலிருந்து வரவில்லை, தன் உடம்புதான் அந்த நேரத்துக்கு ஏதோ செய்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

பிளாக்கில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. புருஷன் ஊரில் இல்லை, ஆபீஸுக்கு லேட்டாகப் போக ஒரு சாக்கு, நாடகம் என்று எதிர்வீட்டு மாமி என்னிடமே சொன்னார். நாற்காலிச் சத்தத்தை நான் சொன்னேன். நாற்காலியை யார் வேண்டுமானாலும் இழுக்கலாமே என்றார்.

செக்‌ஷன் ஆபீசரும் கெட்டவர் இல்லை. மோசமான வாரங்களில் அக்கா ஆபீஸுக்குப் போய்ச் சேரும்போது பாதிக் காலை போயிருக்கும். காலையில் சாகக் கிடந்தேன் என்கிறீர்கள், மத்தியானம் எல்லோரோடும் சேர்ந்து சமோசா சாப்பிட்டுச் சிரிக்கிறீர்கள், மேலே கேட்டால் நான் என்ன பதில் சொல்வது என்று அவர் கேட்டாராம். அவர் கேட்டது நியாயம்தான் என்று அக்காவே சொன்னார். மெமோ வந்தது. இரண்டாவது மெமோவும் வந்தது. கடைசியில் மெடிக்கல் போர்டு முன்னால் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அதில் இருந்த சிக்கல் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. உடம்பில் ஒன்றும் இல்லை என்று போர்டு எழுதினால், இத்தனை நாள் லேட்டாக வந்ததெல்லாம் வேண்டுமென்றே செய்த ஒழுங்கீனம். வேலைக்கு லாயக்கில்லாத நோய் என்று எழுதினால் வேலை போகும். எப்படி எழுதினாலும் கடைசியில் வீடும் போகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு ரயிலேற வேண்டியதுதான். லீவு கிடைக்காத கணவர், வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய் இரு என்று தகவல் சொல்லி அனுப்பினார். அன்றுதான் அக்கா அழுது பார்த்தேன். அழுது முடித்துவிட்டு என்னிடம் கேட்டார், போர்டு எப்ப கூடுது தெரியுமா என்று. மத்தியானம் என்றேன். அதாங்கேன், மத்தியானம் எனக்கு ஒண்ணும் இருக்காதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போர்டு கூடிய அன்றைக்கு நான் துணைக்குப் போனேன். பெண்களைப் பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் இருக்கலாம் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் பெரியவர், ரிட்டயராகப் போகிற வயது, கனிந்த முகம். மேஜையின் ஓரத்தில் ஒற்றைப் பின்னலோடு ஒரு பஞ்சாபிப் பெண் டாக்டர், சின்ன வயது, குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் பொறுமையாகப் பார்த்தார். முன்னால் வைத்து, முதுகில் வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொல்லி. பிறகு இரண்டு மாடி ஏறி இறங்கி வரச் சொன்னார். அக்கா ஏறி இறங்கி வந்து நின்றார். மூச்சு வாங்கவில்லை. பெரியவர் சிரித்துவிட்டார். பேட்டீ என்று மகளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, நீ என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறாய், போய் வா என்றார்.

அக்கா போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆபீஸில் வருஷக்கணக்காகக் காதில் விழுந்த ஆங்கிலம் அவருடையது, அழுத்தம் திருத்தமாக இருக்கும். அதில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதுங்கள் டாக்டர், அது உண்மை. அதற்குப் பக்கத்தில் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.”

அப்படி எழுதுகிற வழக்கம் இல்லையே என்றார் பெரியவர்.

“விடியற்காலையில் என்னைப் பார்த்தால் வேறு மாதிரி எழுதுவீர்கள். அதுவும் நான்தான், இதுவும் நான்தான். பாதி ஆளைப் பார்த்துவிட்டு முழு ஆளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.”

இத்தோடு வேலை போயிற்று என்றே நினைத்தேன். இரண்டாவது டாக்டர் எரிச்சலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது மேஜை ஓரத்துப் பெண் தலையைத் தூக்கினாள். தினமும் அதே நேரமா என்று கேட்டாள். மோசமான நாட்களில் அதே நேரம் என்றார் அக்கா. ஊர் மாறினால்? அக்கா ரயிலைப் பற்றிச் சொன்னார். மலைப் பக்கம், ஆந்திரா, அம்மா வீட்டுத் தரை. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, மெதுவான குரலில் நெடுநேரம் பேசினாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் ஹிந்தியில் சொன்னார்: சரி, வார்டில் சேர்த்துக்கொள். விடியற்காலையில் எழுந்து வந்து பார்க்கப்போவது நீதான், நான் இல்லை.

அந்தப் பெண் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அக்கா என் கையைக் கிள்ளினார்.

வார்டில் இருந்த நாட்களில் அக்காவின் பிள்ளைகள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். என் மகன் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தான். மூன்றையும் என் கணவர் கட்டி மேய்த்தார். அவர் செய்த சப்பாத்தியைப் பற்றி அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

அந்தப் பெண் டாக்டரிடம் ஒரு கருவி இருந்தது. கையகலக் குழாய், மேலே ஒரு முள். முழு மூச்சை இழுத்து ஓர் ஊது ஊத வேண்டும். மூச்சுக்குழாய் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் முள் ஓடும். மத்தியானம் அக்கா ஊதினால் முள் கடைசிவரை போய் இடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். விடியலுக்கு முன் ஊதினால் முள் புறப்பட்ட இடத்திலேயே தடுமாறும். இரண்டையும் தன் கண்ணால் பார்த்த பிறகும் டாக்டருக்குத் திருப்தி இல்லை. படுத்திருப்பதால் வருகிறதா, தூக்கத்தால் வருகிறதா, இல்லை அந்த நேரத்தாலேயே வருகிறதா என்று தெரிய வேண்டும் என்றாள். அதனால் ஒரு நாள் முழுக்கப் படுக்காமல், தூங்காமல் உட்கார்ந்திருக்க முடியுமா என்று அக்காவிடம் கேட்டாள். முடியும் என்றார் அக்கா. தூங்கவிடாமல் பேச்சுக் கொடுக்க நான் போனேன்.

பேச்சுக் கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர்தான் பேசினார். கல்யாணத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் படித்தது, தனியாக டெல்லிக்கு வேலைக்கு வந்தது, முதல் குளிர்காலத்தில் ஸ்வெட்டர் என்று ஒன்று தேவை என்பதே தெரியாமல் பஸ்ஸில் நடுங்கியது. சுபேதார் பெண் பார்க்க வந்த கதையை நடித்தே காட்டினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மலையாளி நர்ஸ் வந்து இரண்டு தடவை அதட்டிவிட்டுப் போனாள். எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு தெளிவாக விழித்திருக்கிறார், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், இன்றைக்கு வராது போலிருக்கிறதே, வராவிட்டால் என்ன ஆகும்?

ஒரு வாக்கியத்தின் நடுவில் அக்கா நிறுத்தினார். “அப்ப எங்க மாமா வந்து…” என்றவர் முடிக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, தனக்குள்ளே எதையோ கேட்பவர்போல இருந்தார். பிறகு ஒரு கை மேலே எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே இன்னும் கருக்கல்தான்.

நான் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டேன். ஸ்வெட்டரைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டே வந்தாள். அக்கா ஊதினார். முள் நகரவில்லை என்றே சொல்லலாம். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள், பிறகு அதைக் கழற்றி என் காதில் மாட்டினாள். ஒரு கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் சேர்ந்து முனகுவதைப்போல இருந்தது அக்காவின் நெஞ்சு. டாக்டரின் முகம் பூரித்துப் போயிருந்தது. எதிரே ஒரு பெண் மூச்சுக்குத் தவிக்கும்போது தான் சந்தோஷப்படுகிறோமே என்ற வெட்கமும் அதே முகத்தில் தெரிந்தது. ஊசியை எடுக்க அவசரமாகத் திரும்பினாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பேச முடியவில்லை. வியர்த்த முகத்தோடு, தோள் ஏறி இறங்க, டாக்டரைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். ஜெயித்த சிரிப்பு. புல்வெளியில் நான் பலமுறை பார்த்தது.

மறுநாள் விடியலில் பெரியவரே வந்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் ஃபிளாஸ்க். யாரும் எதிர்பார்க்கவில்லை. அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, முதுகில் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு எழுந்து அடுத்த கட்டிலில் இருமிக்கொண்டிருந்த கிழவியிடம் போய், அம்மா, உங்களுக்கு எந்த நேரத்தில் அதிகம் என்று கேட்டார். மூச்சு சீரான பிறகு இதை நான் சொன்னபோது அக்கா, கேட்டாரா, நிஜமாவே கேட்டாரா என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்.

இளம் டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினாள். எல்லோருடைய மூச்சுக்குழாயும் மத்தியானத்துக்கு மேல் நன்றாக விரிந்தும், விடியலுக்கு முன் கொஞ்சம் சுருங்கியும் இருக்கும். சாயங்காலம் ஜுரம் ஏறுவதைப்போல உடம்புக்கு இப்படிப் பல நேர ஒழுங்குகள் உண்டு. என்னைக் காட்டி, உனக்கும் எனக்கும் அந்தச் சுருக்கம் தெரிவதில்லை, தூங்கிவிடுகிறோம் என்றாள். ஆஸ்துமாக்காரர்களில் பலருக்கு அது பல மடங்காகிவிடுகிறது. தலையணையும் தூசியும் குளிரும் அதைக் கூட்டலாம், ஆனால் நேரத்தை வைப்பது உடம்பு. ஏன் அப்படி வைக்கிறது என்பது எங்களுக்கே இன்னும் முழுதாகத் தெரியாது என்றும் சொன்னாள். இதற்குக் காரணம் பயமும் இல்லை, புருஷன் ஊரில் இல்லாததும் இல்லை. அதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள்.

மருந்தும் மாறியது. அதைவிட, மருந்தின் நேரம் மாறியது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை, விடியலுக்குள் உடம்பில் மிச்சம் இல்லாமல் போய்விடும். அதற்குப் பதிலாக மெதுவாகக் கரையும் மாத்திரை ஒன்றைச் சாயங்காலம் போடச் சொன்னாள். படுக்கும்போது வாயில் அடித்துக்கொள்ள ஒரு சின்ன பம்ப்.

“இத்தனை வருஷமா காலையில மாத்திரையைத் தின்னுட்டு சாயந்தரம் வளையம் வீசிட்டு இருந்திருக்கேன்,” என்றார் அக்கா. “அதாம் ஒருத்தியும் என்னை ஜெயிக்கல.”

போர்டு இரண்டையும் எழுதியது. வேலைக்குத் தகுதி உண்டு. நோயும் உண்டு, அது விடியற்காலையில் கூடுவது. அப்படிப்பட்ட நாட்களில் தாமதமாக வந்து மாலையில் இருந்து வேலையை முடிக்க அனுமதிக்கலாம். பார்த்த நேரங்களையும் எழுதியிருந்தார்கள். செக்‌ஷன் ஆபீசர் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று அக்காவுக்கு டீ சொன்னாராம். மெமோக்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பெரிய டிக்டேஷன்கள் எல்லாம் மத்தியானத்துக்கு மாறின; மற்றவர்கள் கிளம்பும் நேரத்தில் டைப்ரைட்டரை விளாசிக்கொண்டிருப்பது அக்கா ஒருவர்தான் என்று அந்த ஆபீசரே என் கணவரிடம் ஒரு கல்யாணத்தில் பெருமையாகச் சொன்னார்.

எதிர்வீட்டு மாமி ஒரு மாதம் அக்கா முகத்தைப் பார்க்காமல் நடந்தார். பிறகு ஒருநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். அக்கா கேட்ட முதல் கேள்வி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நோய் ஒரேயடியாகப் போய்விடவில்லை. பருவம் மாறும்போது சில விடியல்களில் நாற்காலிச் சத்தம் வரும். ஆனால் வாரக்கணக்கில் வந்தது, எப்போதாவது என்று ஆனது. நான் மேலே ஓடிப்போய் நிற்பதற்குள் அவரே கதவைத் திறந்து, ஒன்றுமில்லை, போய்ப் படு என்பார்.

அந்த வருஷத் தீபாவளி வந்தது. நம் ஊர்த் தீபாவளி விடியலுக்கு முன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் தொடங்கி, ஊர் விழிக்கும்போது முடிந்துவிடும். டெல்லியின் தீபாவளி சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான். டெல்லிக்கு வந்ததிலிருந்து அக்கா கொண்டாடியது டெல்லிக்காரர்களின் தீபாவளியைத்தான். நம்முடையது வரும் நேரத்தில் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பார். எனக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்து விடுவது நான்தான். அந்தத் தடவையும் அதற்காகவே சீக்கிரம் படுத்தேன்.

கதவைத் தட்டும் சத்தத்தில் விழித்தேன். வெளியே இன்னும் விடியவில்லை. பயந்துபோய்த் திறந்தேன்.

அக்கா நின்றார். தலையில் சீயக்காய் மணக்க ஈரத் துண்டு. மஞ்சள் தடவிய ஓரத்தோடு புதுப்புடவை. ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், இன்னொரு கையில் முந்திரிக்கொத்துப் பலகாரம் நிறைந்த எவர்சில்வர் டப்பா. பின்னால் இரண்டு பிள்ளைகளும் குளித்து, புதுப் பாவாடையில், தூக்கக் கலக்கத்தோடு நின்றார்கள். மூச்சு ஒரு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. என் காதில் முதலில் விழுந்தது அதுதான்.

“ஏட்டி, எண்ணெ தேச்சாச்சா?” என்றார் அக்கா.

இல்லை என்று தலையை ஆட்டினேன். என் தலையில் அவரே ஒரு கை எண்ணெயை வைத்து அழுத்தினார். என் கணவர் எட்டிப் பார்த்ததும் அவர் தலையிலும் வைத்தார். பிறகு எதிர்வீடு. மாமி கதவைத் திறப்பதற்குள் இரண்டு தடவை தட்டினார். அதற்கடுத்த வீட்டுச் சர்தார்ஜி திருடன் என்று நினைத்துக் கையில் கம்போடு வந்தார். அந்தக் கையில் முந்திரிக்கொத்தை வைத்துவிட்டு, ஹேப்பி தீவாளி பாய்சாப் என்றார். எங்கள் தீவாளி ராத்திரிதானே என்று அவர் திகைத்தார். ராத்திரி உங்கள் வெடிப் புகைக்கு நான் கதவைச் சாத்திக்கொள்ளப்போகிறேன், அதனால் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்.

படியெல்லாம் ஏறி இறங்கி முடித்தபின் புல்வெளிக்கு இறங்கினார். பனி விழுந்த புல்லில் வெறுங்காலோடு நடுவில் போய் நின்றார். இடுப்பில் கையை வைத்து, முகத்தை நிமிர்த்தி, அந்தக் குளிர்ந்த காற்றை நெஞ்சு நிறைய இழுத்தார். நாங்கள் எல்லோரும் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இழுத்த மூச்சைக் கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்தார். பிறகு இருட்டாக இருந்த ஜன்னல்களைப் பார்த்து, மூன்று பிளாக்குக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தார்:

“இன்னும் யாருவே தூங்குதது? எந்திரிங்க, விடியப்போகுது!”

ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. அதன் மேல் மாடியில் ஒன்று. எதிர் பிளாக்கில் ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. அக்கா திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எல்லா ஜன்னலிலும் வெளிச்சம் வரும்வரைக்கும் அவர் குரல் எங்கேயும் இடறவில்லை.